ஒன்பதாம் நம்பர் தீர்ந்துபோச்சு

"ஒன்பதாம் நம்பர் தீர்ந்துபோச்சு சார்," என்றாள் கடைக்காரம்மா.

விமர்சகர் தலையைத் தூக்கவில்லை. ஒயின் பட்டியலில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

தெருமுனையிலிருந்த அந்தச் சின்ன பப்பில் மொத்தமே எட்டு மேஜைகள். சமையல் கணவர், பரிமாறுவது மனைவி. பட்டியலில் பதினோரு ஒயின். ஞாயிறு பத்திரிகையில் ஒயினுக்கு மார்க் போடுகிற மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் பயம் வராது? போன மாதம் அவர் கிழித்துத் தொங்கவிட்ட கடையில் இப்போது செருப்பு விற்கிறார்கள்.

மற்ற பத்தும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் முகர்ந்தார், ஒரு வாய் உறிஞ்சினார், நாக்கில் புரட்டினார், பக்கத்திலிருந்த கப்பில் துப்பினார். ருசி பார்க்கிற தொழிலில் எல்லோரும் துப்புவார்கள்தான். ஆனாலும் பிடித்ததில் ஒரு வாயாவது உள்ளே போகும். இவர் ஒரு சொட்டுகூட உள்ளே விடவில்லை.

"ஏழாம் நம்பர் நம்ம கடையிலேயே உசத்தி. அதையுமா துப்பிட்டார்?" சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த கணவருக்கு மனசே விட்டுப்போனது.

"சும்மா இருங்க. அவர் வேலை அது."

அந்த நேரம் பார்த்து மூலை மேஜையிலிருந்து குரல் வந்தது. அங்கே இரண்டு நண்பர்களோடு உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியன் கையைத் தூக்கினார்.

"அக்கா, எனக்கு இன்னொரு ஒன்பது."

கடைக்காரம்மா சங்கடத்தோடு ஒரு பாட்டிலை எடுத்துப் போய் அவர் கிளாஸை நிரப்பினாள். திரும்பும்போது விமர்சகர் வழி மறித்தார்.

"ஏம்மா, தீர்ந்துபோச்சுன்னீங்க?"

"அது... கடைசி பாட்டில் சார்."

"பாதிக்கு மேல இருக்கே. வேண்டப்பட்டவங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணா?"

"இது உங்களுக்கு வேண்டாம் சார்."

"எனக்கு எது வேணும்னு நான் சொல்றேன். ஊத்துங்க."

வேறு வழியில்லாமல் ஊற்றினாள். விமர்சகர் பட்டியலை வாசித்தார். "ஆழமானது. அடக்கமானது. மறுநாள் காலை தலைவலி இருக்காது. எந்த ஒயினுக்கும்மா இப்படி உத்தரவாதம் தருவாங்க?"

ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கில் புரட்டினார். முகம் சிவந்துபோனது.

"திராட்சை ஜூஸ். கூட டீத்தண்ணி, கொஞ்சம் பட்டை. இதை ஒயின்னு சொல்லி விக்கறீங்க. ஞாயித்துக்கிழமை முதல் வரியே இதுதான்."

கடைக்காரம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த எலக்ட்ரீஷியன் குடிய விட்டுப் பதினாலு மாசம் ஆச்சு சார். கூட இருக்கறவங்களுக்குத் தெரியாது."

"சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா இன்னைக்குக் கை குடுப்பாங்க. அடுத்த வாரம் ‘ஒரே ஒரு வாய்’னு ஊத்துவாங்க. அவங்களை விட்டுட்டு வீட்ல உட்காரவும் அவருக்கு மனசு வரல. ஒரு நாள் ஒயினைக் கையில வெச்சுக்கிட்டு, ஒரு மணி நேரம் குடிக்கவும் முடியாம, கீழ வைக்கவும் முடியாம உட்கார்ந்திருந்தார். எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு, சத்தமில்லாம கிளாஸை மாத்தி வெச்சார். அன்னையிலேர்ந்து ஒன்பதாம் நம்பர். வேற யார் கேட்டாலும் தீர்ந்துபோச்சுன்னு சொல்லிடுவோம்."

"அப்புறம் பட்டியல்ல எதுக்குப் போட்டீங்க?"

"பட்டியல்ல இல்லாததை அவர் கேட்டா, அது என்னன்னு பக்கத்துல இருக்கறவங்க கேப்பாங்களே சார்."

விமர்சகர் மூலை மேஜையைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் ஏதோ சொல்ல, மூன்று பேரும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விமர்சகர் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்கக் கணவன் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. கடை போனால் போகட்டும், எலக்ட்ரீஷியன் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே என்பதுதான் பெரிய கவலை.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. ஏழாம் நம்பருக்கு நல்ல மார்க். மற்றதற்கும் பழுதில்லை. கடைசி வரியை மனைவி வாய்விட்டுப் படித்தாள்.

"ஒன்பதாம் நம்பர்: நான் போனபோது தீர்ந்துவிட்டது. நீங்கள் போகும்போதும் தீர்ந்துதான் இருக்கும். யாரும் வற்புறுத்த வேண்டாம்."

கணவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்று சொன்னார். அன்று அவர் வெங்காயமே நறுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் விமர்சகர் மறுபடி வந்தார். கூடவே பத்திரிகை அலுவலகத்திலிருந்து நாலு பேர்.

"சாருக்கு இன்னைக்கு டூட்டி இல்ல. துப்பற கப் கொண்டுவராதீங்க," என்று கேலி செய்தார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்கு ஒன்பது," என்றார் விமர்சகர், பட்டியலைத் திறக்காமலேயே.

கடைக்காரம்மா ஒரு விநாடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதோ கொண்டு வரேன் சார்."

கிளாஸ் வந்தது. முகர்ந்து பார்க்கவில்லை, நாக்கில் புரட்டவில்லை. மடமடவென்று குடித்துவிட்டு, இன்னொன்று என்று கிளாஸை நீட்டினார்.

பக்கத்திலிருந்தவர் சந்தோஷம் தாங்காமல் கை தட்டினார்.

"நாலு வருஷமா கூட வேலை பார்க்கறேன். சார் துப்பாம குடிச்சு இன்னைக்குத்தான் பார்க்கறேன்."