வலது கைப்பக்கம் கோபுரம்

ஏரிக்கரைப் படிக்கட்டில் இறங்கியதும் அவர் யோசிக்காமல் வலது பக்கம் திரும்பினார்.

கூட வந்த பதினான்கு பேரும் அவர் பின்னாலேயே திரும்பினார்கள். அவர் மனைவி மட்டும் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வழிகாட்டிப் பெண் டிக்கெட் வாங்கப் போயிருந்தாள். அவள் வரும்வரை யாருக்கும் பொறுமை இல்லை.

"அவங்க எதுக்குங்க? அண்ணன்தான் ஏற்கெனவே வந்து பாத்த ஆளாச்சே! அவர் பின்னாடி போனா கோபுரம் தானா வருது" என்று கிளப்பிவிட்டவர் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர். ஓய்வுபெற்ற பல் டாக்டர்.

அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் தன் வாய்தான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்ததா?

நாற்பது அடி நடந்ததும் ஒரு சுவர் வந்தது. சுவரில் இரண்டு கதவுகள். ஒன்றில் ஆண் படம், இன்னொன்றில் பெண் படம்.

"நல்ல இடத்துக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்க அண்ணே. வயசானவங்க கஷ்டம் தெரிஞ்ச மனுஷன்!"

பல் டாக்டர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் திரும்பிப் பார்த்தார். ஏரி இருந்தது. பின்னால் பனி மூடிய மலை இருந்தது. கரையோரம் அந்தக் கல் கோபுரமும் உச்சியில் கடிகாரத்தோடு நின்றது. எல்லாம் அப்படியே. ஆனால் கோபுரம் ஏரிக்கு இடது பக்கம் இருந்தது.

"இருபத்தெட்டு வருஷத்துல எல்லாத்தையும் மாத்திட்டானுங்க" என்றார்.

"கோபுரத்தையுமா?" பல் டாக்டர் அறிவிப்புப் பலகையைக் காட்டினார். கட்டி நானூறு வருடம் என்று போட்டிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாற்றியது வேறு யாரும் இல்லை. அவர்தான்.

அந்தக் காலத்தில் அவருக்கு அச்சகத்தில் காலண்டர் வடிவமைக்கும் வேலை. ஒரு டயர் கடைக்காரர், கடைப் பெயர் இடது பக்கம்தான் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அச்சகத்து சிடியில் இருந்த ஏரிப் படத்தில் அந்த இடத்தைக் கோபுரம் அடைத்துக்கொண்டிருந்தது. படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார். ஒரு நொடி வேலை. டயர் கடை வேலை முடிந்ததும் அவருக்கே அது மறந்துபோனது.

மிஞ்சிய ஒரு தாளில் கடைப் பெயரையும் தேதியையும் வெட்டிவிட்டுச் சட்டம் போட்டு அறையில் மாட்டியிருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அதைப் பார்த்து "எவ்வளவு அழகா இருக்கு! எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"நான் போனப்ப எடுத்தது."

ஏன் சொன்னார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. அவள் கண் விரிந்ததைப் பார்த்தபின் சொன்னதைத் திரும்பப் பெற மனம் வரவில்லை. ஒன்றைக் காப்பாற்ற ஒன்பது சொல்ல வேண்டியிருந்தது. குளிரில் விரல் மரத்துப்போன கதை. படகுக்காரன் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்த கதை. மகள் அந்தப் படகுக்காரன் கதையைக் கேட்டுத்தான் சாப்பிடுவாள்.

அந்த மகள் வேலைக்குப் போய், "ரெண்டு பேரும் எங்க வேணா போய்ட்டு வாங்க" என்று பட்டியலை நீட்டினாள். அருவி, குகை, வெள்ளை மணல் தீவு, இடிந்துகிடக்கும் பழைய நகரம் என்று என்னென்னவோ இருந்தது. மனைவி இந்த ஏரியின் மேல்தான் விரலை வைத்தாள்.

"நான்தான் பாத்துட்டேனே, வேற எங்கயாவது போவோம்" என்று அவர் தலைகீழாக நின்று பார்த்தார்.

"எனக்கு அங்கதான் போகணும்" என்றாள். அதற்குமேல் பேச்சில்லை.

சுவரைவிட்டு அவர் திரும்பி நடந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து இருபத்தெட்டு வருடம் பரிமாறியாகிவிட்டது. இந்தக் கூட்டம் சிரித்தால் சிரிக்கட்டும். எங்கே நின்று எடுத்தீர்கள் என்று அவள் கேட்பதற்குள், தானே சொல்லிவிட வேண்டும். சொன்னபின் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

படியருகே வந்தார்.

"இங்க பாரு… அந்தப் படம்…"

"ஒரு செல்ஃபி எடுப்போம், வாங்க."

அவர் கையைப் பிடித்து எழுந்து, ஏரிக்கு முதுகு காட்டி அவரையும் நிறுத்தி, போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் இரண்டு நரைத்த தலைகள். பின்னால் மலை, ஏரி. கோபுரம் திரையின் வலது பக்கம் நின்றது.

"பாத்தீங்களா? இதுல மட்டும் நம்ம வீட்டுப் படம் மாதிரியே தெரியுது."

அவர் திரையைவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"கடிகாரத்துல நம்பரெல்லாம் திரும்பி இருந்துச்சுங்க. கல்யாணமான புதுசுல தூசி தட்டுறப்பவே பாத்தேன்." பால் வாங்க மறந்ததைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். "அன்னிக்குச் சாயங்காலமே கேட்டேனே, நேர்ல கோபுரம் எந்தப் பக்கம் இருக்கும்னு. இறங்கினா வலது கைப்பக்கம்னு அடிச்சுச் சொன்னீங்க."

தூரத்தில் பல் டாக்டர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஏன்… இங்கதான் வரணும்னு…" பாதிதான் வந்தது.

அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"இனிமே யாராவது கேட்டா, போயிருக்கேன்னு தைரியமா சொல்லலாம்ல. எங்க, கொஞ்சம் சிரிங்க."