டிராகன்களுக்கு எதிராக மூன்று ஓட்டு

தோற்ற போரை டிராகன்கள் வந்து ஜெயித்துக் கொடுத்ததாக, வரலாற்றையே மாற்றி எழுதிய ஆறு பாக நாவல் தொடர் அது. நூலகத்தில் அதை வைத்திருப்பதா, நீக்குவதா என்று முடிவுசெய்ய வாசகர் குழு கூடியது. அந்தத் தொடரின்மேல் உயிரையே வைத்திருந்த நூலகப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"டிராகன் பீரங்கி சுடுதாம்! வரலாறு நடத்துற எனக்கே காதுல பூ சுத்துறாங்க," என்றார் வாத்தியார்.

"அத்தனைக்கும் தீனி யாரு போடுறது, எழுதினவரோட மாமனாரா?" என்றார் கால்நடை மருத்துவர்.

"தலைவலிதான் மிச்சம்," என்றார் மருந்துக்கடைக்கார அம்மா.

மூவரும் நீக்கச் சொல்லிக் கை தூக்கினார்கள். நூலகப் பெண் பதிவேட்டில் ஆறு பாகங்களையும் அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சரி... நீக்கின புத்தகங்களை வழக்கம்போல குழு உறுப்பினர்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்," என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் மூவரும் அலமாரிமேல் பாய்ந்தார்கள்.

"வாத்தியாரே, ஆளுக்கு ரெண்டுன்னுதானே பேசி வச்சோம்?" மருந்துக்கடைக்கார அம்மா கத்தினார். "குட்டி டிராகன் பொறக்குற பாகம் என்னோடது, கையை எடுங்க!"