ஒரே ஒரு டவுன்லோடு

"இது கத்திக்குப் பிடியா, பல் தேய்க்கிற பிரஷ்ஷுக்குப் பிடியா?"

சங்கத் தலைவர் ஹெய்மோ, இல்மோ கொண்டுவந்த கத்தியை மேஜைமேல் பொத்தென்று போட்டார். சுற்றி உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தபடி சிரித்தார்கள்.

இல்மோவுக்குக் காது மடல் சூடேறியது. கத்திப் பிடி செதுக்குகிறவர்களின் இந்தச் சங்கத்தில் சேர அவன் மனுக் கொடுப்பது இது மூன்றாவது வருஷம். பின்லாந்தின் அந்தச் சின்ன ஊரில், குளிர்காலத்தில் நாலு மனுஷர்கள் உட்கார்ந்து பேசுகிற இடம் என்று பார்த்தால் இது ஒன்றுதான்.

"கைக்கு நல்லாத்தானே உட்காருது, தலைவரே?"

"உட்காரும் தம்பி, உட்காரும். செதுக்கினது மெஷினாச்சே! உன் கை என்ன பண்ணுச்சு? பட்டனை அமுக்குச்சு. இங்க கையால செதுக்குறவனுக்குத்தான் நாற்காலி."

பட்டனை அமுக்குச்சாம்! எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்.

காகித ஆலையை மூடி, மனைவியும் விட்டுப் போன பிறகு, இல்மோ ஒரு பழைய சி.என்.சி. மெஷினை வாங்கி கார் ஷெட்டில் வைத்தான். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் அது மரத்தை அப்படியே செதுக்கும். சொல்லித்தர ஆள் இல்லை. வீடியோவைப் பார்ப்பான், நிறுத்துவான், மறுபடி பார்ப்பான். உடைந்த வெட்டுமுனைகளே ஒரு டப்பா நிறைய சேர்ந்தன. வீணாய்ப்போன பிர்ச் மரக் கட்டைகளை வைத்தே ஒரு குளிர்காலம் முழுக்க சவுனா அடுப்பு எரிந்தது. அந்த வெந்நீராவி அறையில் உட்கார்ந்திருந்தது அவன் ஒருத்தன்தான்.

முதல் பிடி உருப்படியாக வந்ததும், அந்த வரைபட ஃபைலை இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டான். யாராவது 'நல்லா இருக்கு' என்று ஒரு வரி எழுத மாட்டார்களா என்கிற நப்பாசை.

யாரும் எழுதவில்லை. ஆனால் நாலு மாசம் கழித்து, டவுன்லோடு எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஒன்று ஆனது.

அந்த ஒன்றைத் தினமும் காலையில் திறந்து பார்ப்பான். எங்கேயோ ஒரு ஆள் இந்தப் பிடியைச் செய்துகொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வான்.

அப்புறம்தான் தெரிந்தது, ஃபைலில் ஒரு தப்பு. இரண்டு மில்லிமீட்டர் என்று போட வேண்டிய இடத்தில் மூன்று என்று அடித்திருந்தான். சுண்டுவிரல் படுகிற இடத்தில் அரிசி அளவுக்குத் தேவையில்லாத ஒரு பள்ளம் விழும். தன் பிடிகளில் அதைத் திருத்திக்கொண்டான். இன்டர்நெட்டில் மட்டும் திருத்தவில்லை. புது ஃபைல் போட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடுமே! மனசு வரவில்லை.

"சரி, இல்மோவைச் சேர்த்துக்கலாம்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க" என்றாள் செயலாளர் அய்லா.

ஒரு கையும் எழவில்லை. அய்லாவின் கை மட்டும் பாதி வரை போய், ஹெய்மோவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தலைமுடியைக் கோதிக்கொண்டு கீழே இறங்கியது.

"மனசுல வச்சுக்காதே தம்பி" என்ற ஹெய்மோ, இடுப்பு உறையிலிருந்து தன் கத்தியை உருவி, பிடிப்பக்கத்தை அவனிடம் நீட்டினார். "இந்தா, பிடிச்சுப் பாரு. இந்த வருஷம் செஞ்சது. கைவேலைன்னா என்னன்னு தெரிஞ்சுக்கோ."

இல்மோ வாங்கினான். விரல்களை மடக்கினான். சுண்டுவிரல் அரிசி அளவுப் பள்ளம் ஒன்றில் போய் உட்கார்ந்தது.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா, ஆளுக்குப் பேச்சே வரலை!" என்றது ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைவரின் மானம் அந்த மேஜையிலேயே கப்பலேறிவிடும்.

"அருமையான பிடி, தலைவரே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான்.

வெளியே கோட்டு மாட்டும் இடத்தில் ஹெய்மோ தனியாக நின்று, கோட்டுப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. விரல்கள் சரியாக மடங்கவில்லை.

இல்மோ பக்கத்தில் போய்ப் பொத்தானைப் போட்டுவிட்டான்.

"சுண்டுவிரல்கிட்ட இருக்கிற பள்ளம் என்னோட தப்பு, தலைவரே" என்றான் மெதுவாக. "திருத்தின ஃபைல் வீட்டுல இருக்கு. சனிக்கிழமை வந்தீங்கன்னா தர்றேன்."

ஹெய்மோவின் முகம் வெளுத்துப்போனது. வீங்கிய விரல்களை அவன் முன்னால் நீட்டினார்.

"மூணு வருஷமா செதுக்க முடியலைப்பா. இதை வெளியூர்ல ஒரு மெஷின்ல கொடுத்துத்தான் செஞ்சேன்" என்றார். "அது சரி, உள்ள அத்தனை பேர் முன்னாடி நான் உன்னைக் கிழிச்சேனே, அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"உலகத்துலயே என் ஃபைலை எடுத்தது ஒரே ஒரு ஆளு. அவரையும் விரட்டிட்டா, நான் யார்கூட சவுனாவுல உட்கார்றது?"