உப்பு கம்மி

“என்ன மேடம், உங்க உப்பு ஐயா இன்னும் கூப்பிடலையா?”

மேனேஜர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அவர் கையில் போனை மூடுவதற்கான மஞ்சள் படிவம் இருந்தது.

“கூப்பிடுவார் சார். மணி நாலுதானே ஆகுது” என்றாள் அவள். தினமும் காலை பதினொன்றுக்கு அடித்துவிடும் போன், இன்று மூச்சு விடவில்லை.

ஒரே ஓர் அடுப்பில் தொடங்கிய கம்பெனி அது. முதல் சூப் பாக்கெட்டிலேயே ‘குறை இருந்தால் கூப்பிடுங்கள்’ என்று தன் வீட்டு நம்பரை அச்சடித்தார் முதலாளி. அடுப்படியில் நின்றுகொண்டு அவரே பேசுவாராம். இன்று நாற்பத்திரண்டு நாடுகளில் பாக்கெட் விற்கிறது. புகாரையெல்லாம் இயந்திரம் கேட்டுக்கொள்கிறது. அந்தப் பழைய போனை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. ஒரு நாளைக்கு ஓர் அழைப்பாவது வந்துகொண்டிருக்கும்வரை அங்கே ஓர் ஆள் உட்கார வேண்டும், ஒன்றுகூட வராத நாளில் மூடிவிடலாம் என்று சாகும்போது சொல்லிவிட்டுப் போனாராம். புண்ணியவான்! நல்லதும் செய்தார், தலைக்கு மேல் கத்தியையும் கட்டிவிட்டார்.

இந்த நாற்காலிக்கு அவள் வந்து மூன்று வருடம். முன்பு இருந்தவரை அவள் பார்த்ததுகூட இல்லை. அவர் விட்டுப்போன பச்சை மெத்தை ஒன்று மட்டும் நாற்காலியில் கிடந்தது. அது இல்லாவிட்டால் இந்நேரம் அவள் இடுப்பு ஒடிந்திருக்கும்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இந்தப் போன் போனாத்தான் என்ன? வீட்ல நிம்மதியா இருக்கலாமே?”

வீட்டில் நிம்மதிக்கு என்ன குறைச்சல்! நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கடல் தாண்டிப் போய்விட்டாள். மற்ற அழைப்புகள் நின்றும் ஒன்றரை வருடம் ஆயிற்று. இப்போதெல்லாம் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்கும் ஒரே குரல், அந்த முகம் தெரியாத மனிதருடையதுதான்.

“சூப்ல உப்பு கம்மிம்மா” என்று ஆரம்பிப்பார்.

“நேத்தும் இதேதான் சொன்னீங்க ஐயா. தண்ணியக் குறைச்சு ஊத்துங்க.”

“சரி, குறைச்சுப் பாக்குறேன். நீ சாப்பிட்டியாம்மா?”

அவ்வளவுதான் பேச்சு. பாவம், பேச ஆள் இல்லாத மனுஷன், உப்பைச் சாக்காக வைக்கிறார் என்று அவளும் பொறுமையாகப் பதில் சொல்லுவாள்.

மணி நாலே முக்கால். ஐந்தானால் அன்றைய கணக்கு முடிந்துவிடும். மேனேஜர் படிவத்தில் தேதியை எழுதினார்.

“அவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சோ சார்?”

“நல்லா இருக்கே! உங்க நாற்காலியே போகப்போகுது, நீங்க அவர் உடம்பைப் பத்திக் கவலைப்படுறீங்க!”

போன் அடித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள்.

“ஹலோ, சூப்ல உப்பு கம்மிங்க” என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். “நான் ஆஸ்பத்திரி நர்ஸ் பேசுறேன். இங்க ஒரு ஐயாவுக்குக் காலையில தொண்டையில ஆபரேஷன். நல்லா இருக்கார், ஆனா இனிமே குரல் வராது. கண்ணு முழிச்சதும் சீட்டு எழுதிக் குடுத்துட்டார். அஞ்சு மணிக்குள்ள இதை உங்ககிட்ட சொல்லணுமாம். என் கையை விடவே மாட்டேங்கிறார்!”

மேனேஜர் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அவருக்கு சூப் குடுக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு கூடப் போட்டுக் குடுங்கம்மா.”

“சூப்பா? ரெண்டு வருஷமா அவருக்கு வயித்துக் குழாய் வழியாத்தாங்க சாப்பாடு. வாய் வழியா ஒரு சொட்டு இறங்காது. ஆங், சீட்டுக்குப் பின்னாடி இன்னும் ஏதோ எழுதியிருக்கார்... ‘நாற்காலியில நான் விட்டுட்டு வந்த பச்சை மெத்தை, இடுப்புக்குச் சௌகரியமா இருக்காம்மா?’”