ஒர்னெல்லாவின் நாக்கு

இத்தாலியின் திராட்சை ஊரான வால்பொலிசெல்லாவின் காலை வெயில் பீப்பாய்களுக்கு நடுவே ஒற்றைக் கோடாய்க் கிடக்கிறது. இந்த வீட்டு ஒயினுக்கு ஒர்னெல்லாவின் நாக்குதான் தீர்ப்பு. காய்ச்சல் விட்டு இன்றுதான் எழுந்திருக்கிறாள். மகளின் கல்யாணத்துக்கென்று வைத்த இனிப்பு ஒயினை வாயில் உருட்டுகிறாள்.

"கசந்து போச்சு. பீப்பாய்லயே இனிப்பெல்லாம் நொதிச்சுத் தீர்ந்துடுச்சு. இனி மாட்டுக்கறியோடதான் குடிக்கணும்."

கணவன் தார்சிஸியோ குடித்துப் பார்க்கிறான். உலர்ந்த திராட்சையின் தித்திப்பு தொண்டைவரை இறங்குகிறது. இன்னொரு வாய் குடிக்கிறான். அதே தித்திப்பு.

"எனக்கு இனிக்குதே?"

"உனக்குத் தண்ணியும் ஒயினும் ஒண்ணுதானே!"

குழம்பிப்போய், தான் சுட்ட பாதாம் பிஸ்கட்டை ஒயினில் நனைத்து நீட்டுகிறான். அவள் மெல்லுகிறாள். மெல்லுவது நிற்கிறது.

"இதுக்குச் சர்க்கரை போட மறந்துட்டியா?"

அவனும் கடிக்கிறான். பல் கூசும் இனிப்பு.

"ஆமா," என்கிறான், "மறந்துட்டேன்."