பாதியில் நிற்கும் செபம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரத்துணியின் ஆவி சன்னல் வெயிலை வெள்ளையாக்குகிறது. இஸ்திரி போடுகிறவள் ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லியபடி தேய்க்கிறாள். செபமாலையைப் பிடிக்கக் கை ஒழியவில்லை. மேல்மாடியில் அவள் மகளுக்கு இதய அறுவை நடக்கிறது. வாசலில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கீழே வேலைக்கு வந்துவிட்டாள். “பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும்...” அதோடு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வரும் ‘மரண நேரத்திலும்’ என்பதைச் சொன்னால் நடந்துவிடுமோ என்று பயம். முதலிலிருந்து தொடங்குகிறாள், திரும்பவும் அங்கேயே நிற்கிறாள். துணி கருகும் வாசனை எழுகிறது. எதிரே மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் ஓடிவந்து இஸ்திரிப்பெட்டியைத் தூக்குகிறாள். “அண்ணி, துணி தீயுது!” “ஒரு செபத்தக்கூட முடிக்க முடியலயே. என் பிள்ளைக்கு வேற என்னதான் செய்வேன்?” என்கிறாள் இவள். நாத்தனார் விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறாள். “அதுவரைக்கும் நீங்க சொல்லுங்க. மிச்சத்த நான் சொல்லிக்கிறேன்.” இவள் மறுபடி தொடங்குகிறாள். அந்த இடம் வந்ததும் நாத்தனாருக்கும் அடுத்த சொல் வாயில் வரமாட்டேன் என்கிறது. கருகிய விரிப்பை ஆளுக்கொரு முனையில் இறுகப் பிடித்தபடி, “இப்பொழுதும், இப்பொழுதும்” என்று அந்த ஒரே சொல்லையே இருவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.