சொந்தக்காரியின் சேவல்

எதிர்த்தரப்பு கூட்டி வந்த சாட்சியைப் பார்த்ததும் எனில்சா, போச்சு என்று தலையில் கை வைத்தாள்.

பக்கத்து வீட்டு கலிஸ்தோ. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் ஓலைத் தொப்பி, கக்கத்தில் ஒரு தடித்த ஃபைல். பன்னிரண்டு வருஷமாக அவளோடு சண்டை போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் மனுஷன். ஆற்றில் படகு ஓட்டுவதெல்லாம் ஒழிந்த நேரத்தில்தான்.

நீதிபதி அம்மா வீட்டை நேரில் பார்த்து விசாரிக்க ஆற்றங்கரை ஊரான லோரிக்காவின் அந்தச் சந்துக்கே வந்திருந்தார். கொல்லையில், மாமரத்து நிழலில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

வீடு எனில்சா காசு கொடுத்து வாங்கியதுதான். வறுத்த மீனும் தேங்காய்ச் சோறும் விற்றுச் சேர்த்த காசு. ஆனால் விற்ற உபால்தோ கிழவர், ஒரு கோடு போட்ட தாளில் 'விற்றேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு சரி. பத்திரப் பதிவுக்கு அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று இழுத்தடித்து, கடைசியில் அவர் மட்டும் மேலே போய்ச் சேர்ந்தார்.

இப்போது அவருடைய மகன் மெதெயின் நகரத்திலிருந்து வந்து, பதிவேட்டில் என் அப்பா பேர்தானே இருக்கிறது, காலி பண்ணு என்கிறான்.

அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. பத்து வருஷம், இடைவிடாமல், ஊரறிய, சொந்தக்காரியாகவே இங்கே வாழ்ந்தாள் என்று நிரூபணமானால் வீடு அவளுக்கு. இல்லாவிட்டால் நடுத்தெரு.

"நடுவுல பதினோரு மாசம் வீடு பூட்டிக் கிடந்துச்சு மேடம்," என்றான் மகன். "இந்தம்மா மகளுக்குப் பிரசவம் பாக்க பாராங்கியா போயிருச்சு. இவரையே கேளுங்க. இந்தம்மாவைக் கண்டாலே இவருக்கு ஆகாது, அதனால பொய் சொல்ல மாட்டார்."

பதினோரு மாசம் என்பது சத்தியமான உண்மை. எனில்சா முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரன் நுனியைப் பிசைந்தாள்.

கலிஸ்தோ ஃபைலை நீதிபதியிடம் நீட்டினான். "எல்லாம் இதுல இருக்கும்மா. நகராட்சிக்கு நான் குடுத்த புகாரு. மாசம் ஒண்ணு. ஒரு மாசம்கூட விட்டதில்ல."

என்னவோ பதக்கம் வாங்கியவன் மாதிரி சொன்னான்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

'பக்கத்து வீட்டுச் சொந்தக்காரி மாங்கன்று நட்டிருக்கிறாள். நாளைக்கு அதன் இலை என் கூரையில்தான் விழும்.'

'சொந்தக்காரி புது வேலி போட்டிருக்கிறாள். என் பக்கம் நாலு விரல் சாய்கிறது.'

'சொந்தக்காரி வீட்டுக்குக் கிளிப்பச்சை அடித்திருக்கிறாள். எனக்குக் கண் வலிக்கிறது.'

'சொந்தக்காரியின் சேவல் விடியற்காலை மூன்று மணிக்கே கூவுகிறது. தூக்கம் போச்சு.'

மரம் நட்டது, வேலி போட்டது, வர்ணம் அடித்தது. எனில்சாவின் வக்கீல் ஆறு மாசம் அலைந்தும் கிடைக்காத அத்தாட்சியை, இந்த மனுஷன் பன்னிரண்டு வருஷம் கால் கடுக்க நடந்து சேர்த்து வைத்திருக்கிறான். ஒவ்வொரு தாளிலும் நகராட்சியின் வட்ட முத்திரை, தேதியோடு.

மகனின் முகம் சுண்டிவிட்டது. "அந்தப் பதினோரு மாசத்தைப் பாருங்க மேடம்!"

நீதிபதி புரட்டினார். சேவல். அடுத்த மாசமும் சேவல். அதற்கடுத்த மாசமும் அதே.

'சொந்தக்காரியின் சேவல் இன்றும் கூவிற்று. கேட்பார் இல்லையா?'

பதினோரு தாள், பதினோரு சேவல்.

"நேத்து ராத்திரி உக்காந்து எழுதினது!" என்று மகன் குதித்தான்.

நீதிபதி முத்திரைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மை மங்கிப் பழுப்பாகியிருந்தது. ஒரு தாளில் கரையான் வேறு வாய் வைத்திருந்தது.

"சேவல் இருந்தா தீனி போட ஆளும் இருந்திருக்கணும் தம்பி. மகளைப் பாக்கப் போனா வீட்டைக் கைவிட்டதா ஆயிடுமா? பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாளும் இவங்களைச் சொந்தக்காரின்னு தவிர வேற மாதிரி எழுதலையே."

தீர்ப்பை அங்கேயே, மாமரத்தடியிலேயே சொல்லிவிட்டார். வீடு எனில்சாவுக்கு.

எல்லாரும் போன பிறகு அவள் வேலியோரம் வந்தாள். நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் வந்தாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம், நாக்கு வளைந்து கொடுக்கவில்லை.

"ஜெயிச்சிட்டோம்னு ஆடாத," என்றான் கலிஸ்தோ. "வழக்கு நடக்குதுன்னு கோர்ட்டு சொல்லி வாசல்ல பலகை நட்டிருக்கியே, அதை நாளைக்கே புடுங்கு. என் ஜன்னலுக்குக் காத்தே வரல."

"முடியாது, போய்யா. போய்ப் புகார் எழுது."

அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விசிலடித்தபடி உள்ளே போனான்.

எனில்சா வேலியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பாராங்கியாவுக்குக் கிளம்பிய அன்று காலையில்தான் அந்தச் சேவலை அடித்து, மரவள்ளியும் வாழைக்காயும் போட்டு அவள் சூப் வைத்தாள். "இந்தாய்யா, இனிமேலாவது நிம்மதியாத் தூங்கு" என்று ஒரு கிண்ணத்தை இதே வேலிக்கு மேலாக நீட்டினாள்.

உப்பு கம்மி என்று குறை சொல்லிக்கொண்டே, கழுத்தெலும்பு வரை கடித்துத் தின்றவன் அவன்தான்.